எண்பதை நெருங்கும் பாடகரும் நம் டிக்கெட் காசும்: மேடையில் உண்மையில் என்ன நடக்கிறது?

2025 ஜூலை 5 அன்று இங்கிலாந்தில் பர்மிங்ஹாமின் வில்லா பார்க் ஸ்டேடியத்தில் ஹெவி மெட்டல் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் மேடைக்கு நடந்து வரவில்லை. கறுப்புச் சிம்மாசனம் ஒன்றில் உட்கார்ந்தபடி மேடைக்குக் கீழிருந்து எழும்பி வந்தார். வயது 76. பார்க்கின்சன் நோய், போதாக்குறைக்கு 2019இல் விழுந்ததிலிருந்து முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை மேல் அறுவை சிகிச்சை. தன் பெயரில் ஐந்து பாட்டு, பிறகு தன்னைப் பிரபலமாக்கிய பிளாக் சபாத் குழுவின் பழைய கூட்டாளிகளோடு நான்கு பாட்டு, அவ்வளவுதான். பதினேழாவது நாள், ஜூலை 22 அன்று, இறந்துபோனார்.

அந்த ஒன்பது பாட்டைப் பார்த்த ஒருவர் "இந்த நிலைமையில் மனுஷனை உட்கார வைத்துப் பாடச் சொல்வது கொடுமை" என்று சொல்லலாம், பக்கத்தில் நின்றவர் "இதைவிட நல்ல விடைபெறல் யாருக்குக் கிடைக்கும்" என்று கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம். இரண்டு பேரும் பார்த்தது ஒரே நிகழ்ச்சிதான். அப்படியானால் வயதான பாடகரின் கச்சேரிக்குப் போகும்போது நாம் எதற்குக் காசு கொடுக்கிறோம், எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது? கொஞ்சம் அடியிலிருந்து போனால்தான் புரியும்.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் எப்படி வயதானது?

இது வெறும் பிறந்த தேதிக் கணக்கு. மேற்கத்திய ராக், பாப் நட்சத்திரங்கள் பிறந்த ஆண்டைப் பாருங்கள்: பாப் டிலன் 1941, பால் மெக்கார்ட்னி 1942, மிக் ஜாகர் 1943, ராட் ஸ்டீவர்ட் 1945, எல்டன் ஜான் 1947, ஏரோஸ்மித் குழுவின் ஸ்டீவன் டைலர் 1948. ஸ்டேடியத்தில் பத்தாயிரக்கணக்கானோர் முன்னால் மின்சாரக் கிடாரோடு பாடுவது என்ற தொழில் பெரிதானதே இந்தத் தலைமுறையோடுதான். எண்பதைத் தாண்டியும் பாடிய சக் பெர்ரி போல ஒருசிலர் இருந்தார்கள், ஆனால் எண்பது வயதில் ஸ்டேடியத்தை நிரப்பும் ராக் பாடகர் என்பது புதுசு. எந்த வயதில் நிறுத்துவது என்பதற்குப் பெரிய முன்னுதாரணமும் கிடையாது. 2024இல் ஜாகரின் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அமெரிக்காவில் டூர் போனபோது அதற்கு விளம்பரதாரராக வந்தது ஏஏஆர்பி, அதாவது ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கான அமைப்பு. கிண்டலுக்கு வைத்த பெயர் இல்லை, நிஜமான ஒப்பந்தம்.

காசு எந்தப் பக்கம் போனது?

முன்பெல்லாம் ஆல்பம் விற்பதற்கு டூர் ஒரு விளம்பரம். டூரில் நஷ்டம் வந்தாலும் ரெக்கார்டு விற்பனையில் எடுத்துவிடலாம். அமெரிக்காவில் ஒலிப்பதிவு விற்பனை 1999இல் உச்சத்தைத் தொட்டது, அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அது பாதிக்கும் கீழே போய்விட்டது. முதலில் திருட்டுத்தனமான பதிவிறக்கம், அப்புறம் ஒற்றைப் பாட்டு விற்பனை, அப்புறம் ஸ்ட்ரீமிங். கணக்கு தலைகீழானது: இப்போது ஆல்பம்தான் டூருக்கு விளம்பரம். சில பேருக்கு அதுவும் தேவையில்லை, ஐம்பது வருடம் முன்பு போட்ட ஆல்பமே போதும்.

எல்டன் ஜானின் விடைபெறும் டூர் 2018 செப்டம்பரில் தொடங்கி, நடுவில் கொரோனா வந்து நின்று, 2023 ஜூலை 8 அன்று ஸ்டாக்ஹோமில் முடிந்தது. மொத்தம் 330 நிகழ்ச்சிகள், சுமார் 93.9 கோடி டாலர் வசூல். எழுபது வயதில் ஓய்வு எடுக்கலாமா என்று யோசிப்பவர் முன்னால் இந்த எண்ணைக் கொண்டுபோய் வைத்தால் அவர் என்ன செய்வார்?

எல்லோரும் பேராசையால் வருகிறார்கள் என்று சொல்லவும் முடியாது. கனடாவின் கவிஞரும் பாடகருமான லியனார்ட் கோஹனின் கதை வேறு மாதிரி. ஓய்வுக்காலத்துக்குச் சேர்த்து வைத்த பணத்தை அவருடைய மேனேஜரே காலி செய்துவிட்டார், நீதிமன்றத்தில் கோஹன் ஜெயித்தும் பணம் கைக்கு வரவில்லை. வேறு வழியில்லாமல் 2008இல், 73 வயதில், பதினைந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு டூர் கிளம்பினார். அதில் என்ன நடந்தது என்பதைப் பின்னால் பார்க்கலாம், இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்த மிக நல்ல உதாரணம் அதுதான்.

குரலுக்கு வயதாவது என்றால் என்ன?

"குரல் போயிடுச்சு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். உள்ளே பழுதாவது ஒன்றல்ல, பல.

குரல்வளைக்குள் இரண்டு சிறிய மடிப்புகள் இருக்கின்றன, குரல் நாண்கள் என்று சொல்வது இவற்றைத்தான். ஆண்களுக்கு இரண்டு சென்டிமீட்டர் அளவு, பெண்களுக்கு இன்னும் குறைவு. நுரையீரலிலிருந்து வரும் காற்று இவற்றின் நடுவே போகும்போது இவை ஒன்றோடொன்று மோதிப் பிரிகின்றன. நொடிக்கு எத்தனை முறை மோதுகின்றனவோ அதுதான் சுருதி. ராக் பாடகர் உச்சியில் போய்க் கத்தும்போது நொடிக்கு ஐந்நூறு முறைக்கு மேல் மோதல். ஐம்பது வருடம், வருடத்துக்கு நூறு மேடை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

1. நாணுக்குள் இருக்கும் தசை வயதோடு மெலிகிறது. அதனால் இரண்டு மடிப்புகளும் முழுசாக ஒட்டுவதில்லை, நடுவில் இடைவெளி விழுகிறது. காற்று கசியும். குரலில் "ஹ்ஹ்" என்ற மூச்சுச் சத்தம் கலப்பது இதனால்தான், ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்க முடியாமல் போவதும் இதனால்தான்.

2. மேலே போர்த்தியிருக்கும் மென்மையான அடுக்கு நெகிழ்வை இழக்கிறது, குரல்வளையின் குருத்தெலும்பு எலும்பாக இறுகுகிறது. உயரமான சுரத்துக்கு நாண் இழுபட்டு நீள வேண்டும். இறுகிப்போனது எப்படி நீளும்? முதலில் போவது மேல் ஸ்தாயி.

3. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் குரல் பொதுவாகக் கீழே இறங்குகிறது. ஆண்களுக்கு முதுமையில் பேச்சுக்குரல் மெலிந்து சற்று மேலே ஏறுவதும் உண்டு. புகை இதையெல்லாம் மாற்றிவிடும்: இளவயதில் கீச்சென்று மேலே பறந்த கனடாப் பாடகி ஜோனி மிச்செல் பிற்காலத்தில் நல்ல கனத்த கீழ்க்குரலுக்கு வந்துசேர்ந்தார்.

4. மூச்சு. வயதோடு நுரையீரல் நெகிழ்வை இழக்கிறது, மார்புக்கூடு விறைத்துப்போகிறது, ஒரே மூச்சில் பாடும் வரி இரண்டாகிறது. நீளமான சுரத்தில் வரும் இயல்பான அதிர்வு மெதுவாகி அகலமாகி ஒரு ஆட்டமாகவே கேட்க ஆரம்பிக்கும்.

5. காது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தன் குரல் தனக்குச் சரியாகக் கேட்காவிட்டால் சுருதி நிற்காது. ஏசி/டிசி குழுவின் பிரையன் ஜான்சன் 2016இல் டூரின் நடுவில் விலக வேண்டி வந்தது செவித்திறன் பாதிப்பால்தான், குரலால் அல்ல.

வாத்தியக்காரர்களில் அதிகம் அடிவாங்குவது டிரம்ஸ்காரர்கள். ஜெனிசிஸ் குழுவின் டிரம்ஸ்காரரும் பாடகருமான பில் காலின்ஸுக்கு முதுகிலும் நரம்பிலும் வந்த பிரச்சினையால் குச்சியைப் பிடிக்கவே முடியாமல் போனது. குழுவின் கடைசி டூரில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து பாடினார், பின்னால் டிரம்ஸ் வாசித்தது இருபதைத் தாண்டிய அவருடைய மகன். 2022 மார்ச் 26 அன்று லண்டனில் அது முடிந்தது.

இதெல்லாம் போனாலும் போகாதவை சில உண்டு: எந்தச் சொல்லை எங்கே தாமதிப்பது, எதை அழுத்துவது, எங்கே சும்மா இருப்பது. தாளத்துக்குள் சொல்லைப் போடும் அந்த லாகவம் வயதானால் கூடவும் செய்கிறது. கீழ் ஸ்தாயியும் பெரும்பாலும் தங்கும்.

இளவயதுப் பதிவு என்ற போட்டியாளர்

நமக்கு இதை விளங்கிக்கொள்ள ஒரு வசதி இருக்கிறது. செம்மங்குடி சீனிவாச ஐயரின் குரல் வாலிபத்திலேயே வழுவழுப்பான குரல் அல்ல. 1908இல் பிறந்தவர், எண்பதைத் தாண்டியும் பாடினார், கேட்கக் கூட்டம் வந்தது. "அவர் 1950இல் பாடிய மாதிரி இல்லையே" என்று யாரும் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கவில்லை. காரணம் எளிது. கர்நாடகக் கச்சேரியில் ராகம் அன்றைக்கு அந்த மேடையில் உருவாகிறது. பாடகர் தன் சுருதியைத் தானே வைத்துக்கொள்கிறார். ஐந்தரைக் கட்டையில் (கட்டை என்பது சுருதியின் அளவு) பாடியவர் வயதானபின் ஐந்து கட்டைக்கோ நாலரைக்கோ இறங்கினால் அது அவர் இஷ்டம், தம்புராவைத் தளர்த்தினால் முடிந்தது.

சினிமாப் பாட்டில் அந்தச் சலுகை கிடையாது. அதில் மூலம் என்பது ஒலித்தட்டில் உறைந்துபோன அந்த மூன்றரை நிமிடம். ஜானகி அம்மா எண்பது வயதில் மேடையேறினால் அவருக்குப் போட்டி இன்னொரு பாடகி அல்ல, முப்பது வயது ஜானகிதான். எல்லோர் காதிலும் அந்தப் பதிவு ஓடிக்கொண்டிருக்கும். அவர் 2017 அக்டோபரில் மைசூரில் ஒரு நிகழ்ச்சியோடு மேடைக்கு விடை சொன்னதை இந்தக் கோணத்தில் பார்த்தால், அந்த முடிவு எவ்வளவு தெளிவானது என்று தெரியும்.

ராக் இசையும் சினிமாப் பாட்டு ஜாதிதான். ஸ்டீவன் டைலர் 1973இல் வந்த முதல் ஆல்பத்திலேயே உச்சியில் கத்தி வைத்துவிட்டார், அந்தக் கத்தலுக்காகத்தான் ஜனம் வருகிறது. எழுபத்தைந்து வயதிலும் அதைக் கொடுத்தே ஆக வேண்டும். 2023 செப்டம்பரில் விடைபெறும் டூரின் மூன்றாவது நிகழ்ச்சியிலேயே குரல்வளையில் காயம், டூர் நின்றது. 2024 ஆகஸ்டில், முழுசாகக் குணமாக வாய்ப்பில்லை என்று சொல்லி ஏரோஸ்மித் டூர் போவதையே நிறுத்திக்கொண்டது.

மேடையில் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

இங்கேதான் ரசிகர்களுக்குக் குழப்பம் அதிகம், எது நியாயமான ஏற்பாடு, எது ஏமாற்று என்று. நான் நியாயத்திலிருந்து சந்தேகத்துக்குப் போகிற வரிசையில் சொல்கிறேன்.

1. சுருதி இறக்குவது. அரைக் கட்டை, ஒரு கட்டை, சில சமயம் இரண்டு. கிடார் கம்பிகளைத் தளர்த்திவிடுவார்கள், கீபோர்டில் ஒரு பட்டனை அமுக்கினால் போதும். பாட்டின் பளபளப்பு கொஞ்சம் குறைந்து நிறம் கறுக்கும். குறை சொல்ல இதில் எதுவும் இல்லை.

2. மெட்டை மாற்றுவது. உயரமான இடத்தை நெருங்கும்போது கீழே வளைத்துவிடுவது, அல்லது மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்புவது. முப்பதாயிரம் பேர் பாடிவிடுவார்கள்.

3. பாட்டு வரிசையை அடுக்குவது. கடினமான பாட்டுக்குப் பிறகு நீண்ட கிடார் தனி வாசிப்பு, பிறகு அறிமுகப் பேச்சு, பிறகு உட்கார்ந்து ஒரு மெதுவான பாட்டு. கவனித்துப் பார்த்தால் இது முழுக்க மூச்சு வாங்குவதற்கான அட்டவணை.

4. வரிகளைத் திரையில் ஓடவிடுவது. அமெரிக்கப் பாடகர் பிராங்க் சினாட்ரா கடைசிக் காலத்தில் பயன்படுத்தினார், இன்று இளசுகளும் பயன்படுத்துகிறார்கள்.

5. துணைப்பாடகர்கள். பின்னால் நிற்கும் மூன்று பேரில் ஒருவர் மூலப் பாடகரின் இளவயதுக் குரலைப் போலவே பாடுவார். உச்சிச் சுரம் வரும்போது யார் வாயிலிருந்து வருகிறது என்று தூரத்தில் இருப்பவருக்குத் தெரியாது. என் கணக்கில் இது பாதி நியாயம். அந்த ஆளின் மேல் ஒரு வெளிச்சம் விழுந்தால் முழு நியாயம்.

6. பதிவுசெய்த டிராக். டிரம்ஸ்காரர் காதில் தாளத் துடிப்பு ஓடும், அதோடு சேர்த்து முன்பே பதிந்த கோரஸ், தந்தி வாத்தியங்கள், சில இடங்களில் பாடகரின் குரலே கூட ஓடும். கோரஸ் வரைக்கும் எல்லோரும் பழகிவிட்டார்கள். முன்குரலே டிராக்கில் வந்தால் நீங்கள் பார்ப்பது கச்சேரி அல்ல, விலை உயர்ந்த வாயசைப்பு. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: மூச்சு வாங்கிக்கொண்டு பேசுகிற மனிதர் அடுத்த நொடியே இருபத்தைந்து வயதுக் குரலில் பாடினால் விஷயம் புரிந்துவிடும்.

கோஹன் செய்தது

2008 டூருக்கு வருவோம். கோஹனுக்கு எப்போதுமே பெரிய குரல்வளம் கிடையாது. எழுபதுகளில் அது பாதாளத்துக்கு இறங்கி, பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவில் ஒரு இடத்தில் நின்றது. அவர் அதை மறைக்கப் பார்க்கவில்லை. வாத்தியங்களின் சத்தத்தை அந்தக் குரலுக்குக் கீழே அடக்கினார், மேலே போகும் வேலையைப் பெண் குரல்களிடம் வெளிப்படையாகவே கொடுத்தார், அவர்கள் பாடும்போது தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு நிகழ்ச்சியும் மூன்று மணி நேரம். கிழவன் எழுதிய பாட்டைக் கிழவன் பாடினால் எப்படி இருக்கும் என்று காட்டினார், இளவயதில் எழுதியவையே கூட அப்போதுதான் சரியான வயதுக்கு வந்தமாதிரி இருந்தன. பணத்துக்காகக் கிளம்பியவர் 2013 வரை ஓய்ந்தும் தொடர்ந்தும் பாடினார். 2016இல், 82 வயதில், காலமானார்.

பாப் டிலன் இன்னொரு துருவம். 1988இலிருந்து ஏறக்குறைய நிறுத்தாமல் மேடையில் இருக்கிறார். பழைய பாட்டை எடுத்தாலும் மெட்டை அடையாளம் தெரியாமல் மாற்றிவிடுவார், பாதிப் பாட்டு போன பிறகுதான் இது எது என்றே பலருக்குப் பிடிபடும். 2021க்குப் பிந்தைய டூரில் போனைப் பூட்டிய பைக்குள் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகணும். எரிச்சலோடு வெளியே வருபவர்கள் நிறைய. ஆனால் ஏமாற்று இல்லை. பழைய பதிவோடு ஒப்பிடும் வாய்ப்பையே அவர் தரமாட்டேன் என்கிறார், கர்நாடகக் கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இதில் பெரிய அதிர்ச்சி இருக்காது.

2022 ஜூலையில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் ஜோனி மிச்செல் செய்ததும் இந்த வகைதான். 2015இல் மூளையில் ரத்தநாளப் பாதிப்பு வந்து, நடக்கவும் பேசவும் திரும்பக் கற்றுக்கொண்டவர். சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலி, சுற்றிலும் அவரை வணங்கும் இளைய பாடகர்கள், அந்த ஆழமான புதுக் குரல். பழைய உயரத்தை யாரும் கேட்கவில்லை, அவரும் தர முயலவில்லை.

ஆஸி விஷயத்துக்கும் இதுதான் என் பதில். குரல் தடுமாறியது உண்மை. ஆனால் அது ஒரே ஊர், ஒரே நாள், ஒன்பது பாட்டு, அவர் வளர்ந்த இடத்துக்குப் பக்கத்து மைதானம், வசூல் அறக்காரியங்களுக்கு. அதே உடம்பை நாற்பது ஊருக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் வேறு பெயர் வைத்திருப்பேன்.

"கடைசி டூர்" என்ற சொல்லை எவ்வளவு நம்பலாம்?

சட்டப்படி அதற்கு எந்த அர்த்தமும் கிடையாது. தி ஹூ என்ற ராக் குழு முதல் விடைபெறும் டூர் நடத்தியது 1982இல். கிஸ் குழு 2000இல் ஒருமுறை விடைபெற்று, 2023 டிசம்பரில் மறுபடி விடைபெற்றது. மாட்லி குரூ குழு இன்னும் ஒரு படி மேலே: 2014இல் பத்திரிகையாளர்கள் முன்னால் உட்கார்ந்து, இனி டூர் போகமாட்டோம் என்று ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 2015 கடைசி நாளோடு முடித்தார்கள். 2019இல் அந்தப் பத்திரத்தை வெடிவைத்துக் கொளுத்துவதாக ஒரு வீடியோ விட்டார்கள், 2022இல் ஸ்டேடியம் ஸ்டேடியமாகப் போனார்கள்.

பெயரும் ஆளும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வைக்கணும். குழுவின் பெயர் ஒரு வணிகச் சொத்து. லினர்ட் ஸ்கினர்ட் குழுவைத் தொடங்கியவர்களில் கடைசியாக இருந்த கேரி ராசிங்டன் 2023 மார்ச்சில் இறந்தார், குழு அதே பெயரில் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கிறது.

ஆளே இல்லாத மேடை

இதன் அடுத்த கட்டம் லண்டனில் 2022 மே மாதம் தொடங்கிவிட்டது. சுவீடனின் அப்பா (ABBA) என்ற பாப் குழுவின் நான்கு பேரும் ஐந்து வாரம் உடலசைவைப் பதியும் உடைகளில் நின்று ஆடிப் பாடினார்கள், 160 கேமராக்கள் பதிந்தன. அதை வைத்து 1979 வாக்கிலான அவர்களுடைய உருவத்தைக் கணினியில் செய்து, மூவாயிரம் பேர் கொள்ளும் தனி அரங்கில் ஓட்டுகிறார்கள். கூடவே பத்துப் பேர் கொண்ட நிஜமான வாத்தியக் குழு. இது ஏமாற்றா? இல்லை, டிக்கெட்டிலேயே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் கிழவர்கள் கச்சேரியில் இருக்கும் அந்த ஒரு பதற்றம், "இந்த சுரத்தை எட்டுவாரா" என்பது, இங்கே அறவே கிடையாது. எனக்கு அது பெரிய நஷ்டம். ஆட வந்தவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

டிக்கெட் எடுக்கும் முன்

1. அந்த டூரிலேயே, கடந்த சில வாரங்களில், கூட்டத்திலிருந்து யாராவது எடுத்த வீடியோவைப் பாருங்கள். அவர்களே வெளியிடும் வீடியோவில் ஒலியைச் சீர்படுத்தியிருப்பார்கள். முதல் பாட்டைப் பார்க்காதீர்கள், கடைசி மூன்றைப் பாருங்கள், நிலவரம் அங்கேதான் தெரியும்.

2. மேடையில் இருப்பவர்களில் ஆல்பத்தில் வாசித்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள்.

3. அவர் எதற்குப் பெயர்போனவர்? எழுத்துக்கும் சொல்லுக்குமா, உச்சிக் கத்தலுக்கா? முதல் வகைக்கு எண்பது வயதிலும் போகலாம். இரண்டாவது வகைக்கு அறுபத்தைந்துக்கு மேல் ரொம்ப யோசிக்கணும்.

4. வெளிநாடு பறந்து போய்ப் பார்ப்பதாக இருந்தால் இதை முதலில் படித்திருக்கணும்: நிகழ்ச்சி ரத்தானால் டிக்கெட் காசு பொதுவாகத் திரும்பி வரும், விமானக் கட்டணமும் ஓட்டல் வாடகையும் வராது. ஒத்திவைத்தால் டிக்கெட் புதுத் தேதிக்கு மாறும், அந்த நாளில் உங்களுக்கு விசாவும் விடுமுறையும் இருக்கிறதா என்பது உங்கள் பாடு. இந்த வயதுப் பாடகர்களுக்கு ரத்து என்பது அபூர்வமல்ல, ஜாகருக்கே 2019இல் இதய வால்வு சிகிச்சைக்காக ஒரு டூர் தள்ளிப்போனது. ரத்துசெய்யக்கூடிய ஓட்டல் அறையாகப் பார்த்து எடுங்கள்.